கழிவு கேட்ட இருவாச்சி

ஒரு காட்டில் ஒரு வரி இருந்தது. வரியை முதலில் சொல்லிவிட்டு மற்றவர்களைப் பிறகு சொல்வதுதான் அந்தக் காட்டு மரியாதை. பிறந்த குட்டி கண் திறப்பதற்கு முன்பே அதன் தலையில் வரி ஏறி உட்கார்ந்துவிடும். பெயர் வைப்பதெல்லாம் அப்புறம்.

வரிக்கு ராஜபங்கு என்று பெயர். யார் எதைத் தேடிக் கொண்டுவந்தாலும் அதில் நாலில் ஒரு பங்கு ராஜாவுக்கு. ராஜா ஒரு புலி. காட்டின் வடக்குக் கோடியில் ஒரு குகையில் இருந்தார். அதற்குப் பெயர் அரண்மனை. அவரை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் அதைவிடக் கொஞ்சம்.

அந்தக் காட்டில் கொம்பையா என்று ஓர் இருவாச்சிப் பறவை இருந்தான். மஞ்சள் அலகு, அதன்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோல ஒரு கொண்டை. பறந்தால் ரயில் போகிற மாதிரிச் சத்தம் கேட்கும். ஆள் பார்க்கத்தான் அப்படி. உள்ளுக்குள் பயந்த சுபாவம். வரி கட்டும் நாளில் மற்ற மிருகங்கள் பொழுது சாயும்வரை இழுத்தடிக்கும். கொம்பையா விடியும்போதே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவான். ரசீது கொடுக்க மறந்துபோனால், "பரவால்லைங்க ஐயா, நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்" என்பான். மறுநாள் தானே தப்புச் செய்தவன்போல முகத்தை வைத்துக்கொண்டு போய் நிற்பான். இப்படிப்பட்ட சில பேரை நம்பித்தான் எந்த அரசாங்கமும் நடக்கிறது. அதற்கு நன்றியாக அந்தச் சில பேரைத்தான் அது பிழிகிறது.

கொம்பையாவின் மனைவி பெயர் சொர்ணம். இருவாச்சிகள் ஒருமுறை ஜோடி சேர்ந்தால் சாகும்வரை அதே ஜோடிதான். முட்டையிடும் காலம் வந்தால் பெண் பறவை ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலைச் சேறும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். உள்ளே இருக்கும்போது அதற்கு இறகெல்லாம் உதிர்ந்துபோகும், பறக்க முடியாது. ஆண் பறவை பழம் பொறுக்கி வந்து கீறல் வழியாக ஊட்டினால் தாய்க்கும் பிள்ளைக்கும் உயிர் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

போன வருஷம் காட்டில் பழம் குறைச்சல். கொம்பையா கொண்டுவந்ததில் கால்வாசி குகைக்குப் போனது. மிச்சம் தாய்க்கே காணவில்லை. குஞ்சு கண் திறக்காமலே போய்விட்டது. அதைப் பற்றி அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சொர்ணம் மட்டும் அந்த மரத்தின் பக்கமாகப் பறப்பதை விட்டுவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் அரசாங்க மரங்கொத்தி ஒவ்வொரு மரமாகத் தட்டி அறிவித்துக்கொண்டே போனது.

"வயசான காலத்துக்குச் சேமிப்போம்! வரியைக் குறைப்போம்! முதுமைப் பொந்தில் போடுவோர்க்கு முழுக் கழிவு!"

முதுமைப் பொந்து என்பது குகைக்குப் போகும் வழியில் நிற்கும் ஒரு பட்ட இலவமரம். அதன் நடுவில் ஓர் ஓட்டை. முதுமைக்கென்று யார் எவ்வளவு கொட்டைகளைப் போட்டுவைத்தாலும், அந்த அளவைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் ராஜபங்கு. அறிவிப்பு அப்படித்தான் சொன்னது. அறிவிப்புகள் எப்போதும் நல்லபடியாகத்தான் சொல்லும். விதிகள்தான் பிறகு வந்து திருத்தும்.

கொம்பையா வீட்டுக்குப் பறந்தான்.

"சொர்ணம், கேட்டியா? கொட்டையைப் போட்டுட்டே வந்தா வரி குறையும். மிஞ்சுற பழமெல்லாம் வரப்போற நம்ம பிள்ளைக்கு."

சொர்ணம் இறகு கோதுவதை நிறுத்தவில்லை. "அவங்களா குறைப்பாங்க?"

"மரங்கொத்தி சொல்லிட்டுப் போவுதே."

"அதுக்குத் தட்டத்தான் தெரியும். உள்ளே என்ன இருக்குன்னு அதுக்கென்ன தெரியும்?"

ஆனாலும் கொம்பையா போட்டான். மழைக்காலம் முடிந்ததிலிருந்து, தான் தின்ன வேண்டிய காட்டு ஜாதிக்காயைத் தின்னாமல் வெயிலில் காயவைத்து, தினமும் கொண்டுபோய் அந்த இலவமரத்து ஓட்டையில் போட்டான். போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான். தனக்கு வயதாகி, சொர்ணமும் தானும் ஒரு கிளையில் சும்மா உட்கார்ந்து ஜாதிக்காய் தின்னும் காட்சி கண்முன் வரும். வயிறு காய்ந்தாலும் மனசு நிறைந்துவிடும். அரசாங்கத் திட்டங்களில் கைக்குக் கிடைக்கிற லாபம் அநேகமாக இந்த ஒன்றுதான்.

கணக்குக் காட்டும் நாள் வந்தது. வரி அலுவலகம் ஒரு பாறை இடுக்கு. வரிசை ஓடைவரை நீண்டிருந்தது. கொம்பையாவுக்கு முன்னால் ஒரு முள்ளம்பன்றி நின்றதால் நெருங்கி நிற்க முடியவில்லை. அந்த இடைவெளியில் புகுந்தவர்கள் எல்லாம் அவனுக்கு முன்னால் போனார்கள். வெயில் உச்சிக்கு வந்து இறங்கிய பிறகு அவன் முறை வந்தது.

அதிகாரி ஓர் அலுங்கு. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். கஷ்டமான கேள்வி கேட்டால் சுருண்டு பந்தாகிவிடும். பிறகு எத்தனை பேர் உருட்டினாலும் பதில் வராது. இந்தத் திறமைக்காகத்தான் அதற்குப் பதவி உயர்வு கொடுத்திருந்தார்கள்.

"பழைய பாதையா, புதிய பாதையா?" என்றது அலுங்கு, தலையைத் தூக்காமல்.

"நான் பறந்து வந்தேனுங்க ஐயா."

"பறந்து வந்தவங்க எல்லாம் புதிய பாதை. புதிய பாதைக்குக் கழிவு கிடையாது. அடுத்த ஆள்!"

"ஐயா, ஐயா! பழைய பாதைன்னா எது?"

"ஓடைக்கரையிலிருந்து முள்ளுக்காட்டு வழியா நடந்து வரணும்."

கொம்பையா ஓடைக்கரைக்குப் போய், அங்கிருந்து நடந்து வந்தான். இருவாச்சிக்கு நடை வராது. தத்தித் தத்திக் குதித்துத்தான் வரவேண்டும். வழியெல்லாம் முள். குரங்குகள் மரத்துக்கு மரம் உட்கார்ந்து சிரித்தன. மறுபடி வரிசையின் கடைசியில் நின்று, மறுநாள் மத்தியானம் அலுங்கின் முன்னால் வந்து சேர்ந்தான்.

"ம். பழைய பாதை. கொட்டை போட்டிருக்கே. எல்லாம் சரி. உன் சம்சாரம் என்ன வேலை?"

"வீட்லதானுங்க. நடுவுல அரண்மனையில கட்டியம் கூறுற மயிலுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு, ஒரு நாலு நாள் காலையில இவ போய்க் குரல் கொடுத்துட்டு வந்தா."

அலுங்கின் முகத்தில் முதல்முறையாக ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. "அரண்மனை ஊழியர். அப்போ ஊழியர் முதுமைக்குன்னு அரண்மனையே போடுற அரண்மனைப் பொந்து இருக்கும்."

"ஒரே ஒரு கொட்டை போட்டாங்களாம் ஐயா. அதையும் பூச்சி அரிச்சிருச்சு."

"பூச்சி உன் சொந்த விஷயம். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு அரண்மனைப் பொந்து இருந்தா, ரெண்டு பேர் பழத்தையும் ஒண்ணாக் குவிச்சுப் பார்க்கணும். குவியல் ஒரு முயல் உட்கார்ந்த உயரத்தைத் தாண்டிட்டா, இன்னொருத்தர் போட்ட கொட்டைக்குக் கழிவு இல்லை."

"தனி ஆளா இருந்தா?"

"யானை நிக்கிற உயரம் வரைக்கும் கழிவு உண்டு."

கொம்பையா யோசித்தான். "ரெண்டு பேர்னா வயிறும் ரெண்டுதானேங்க ஐயா? அப்போ அளவு கூடத்தானே வேணும்? எப்படிக் குறையுது?"

அலுங்கு சுருண்டு பந்தாகிவிட்டது.

கொம்பையா காத்திருந்தான். பின்னால் நின்ற காட்டுப்பன்றி பந்தை ஒரு தடவை முட்டிப் பார்த்தது. பலனில்லை. சாயங்காலம் அலுங்கு மெதுவாக மூக்கை நீட்டியபோது, கொம்பையா குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"கழிவு வேண்டாமுங்க. போட்ட கொட்டையையாவது திருப்பிக் கொடுத்துடுங்க."

"முதுமை வந்ததும் கொடுப்போம்."

"அது எப்போதுங்க?"

"அறுபது மழை பார்த்த பிறகு."

"நாங்க நாப்பது மழைக்கு மேல இருக்கிறதில்லையே ஐயா!"

"விதியை எழுதினது ஆமை. அதுக்கு அறுபதுங்கிறது வாலிபம். உனக்கு ஆயுசு கம்மின்னா அதுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

அலுவலகத்துக்கு வெளியே நின்ற மிளா மான் ஒன்று கொம்பையாவைப் பார்த்து இரக்கப்பட்டது. "ஆடிட்டரைப் போய்ப் பாரு. நேர்வழியில போய் எவன் கழிவு வாங்கினான்?"

ஆடிட்டர் மணவாளன் ஒரு புனுகுப்பூனை. அவர் இருக்கும் இடத்துக்கு இரண்டு மரம் தள்ளியே வாசனை வந்துவிடும். காட்டில் யாருடைய வரவு செலவு எவ்வளவு நாறினாலும் அவர் கை பட்டால் மணக்கும் என்று பெயர். ஆலோசனைக்குக் கூலி ஒரு தொண்டை நிறையப் பழம். கொம்பையா அதைக் கொட்டினான். மணவாளன் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார்.

"சிம்பிள்," என்றார். "ரெண்டு பேரும் பிரிஞ்சுடுங்க."

கொம்பையாவின் கொண்டை ஆடியது. "என்ன சார் சொல்றீங்க?"

"பதிவுல மட்டும். நீங்க தனி ஆள் ஆயிட்டா யானை உயரம். முழுக் கழிவும் உங்களுக்கு."

"சார், நாங்க இருவாச்சி. எங்க இனத்துல இதுவரைக்கும் ஒருத்தரும்..."

"அதனாலதான் உங்க இனத்துல ஒருத்தரும் இதுவரைக்கும் கழிவு வாங்கலை," என்றார் மணவாளன். வாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "பாசத்துக்கெல்லாம் விதியில இடம் கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்குப் போகிற வழி அன்றைக்கு ரொம்ப நீளமாக இருந்தது. சொர்ணம் புதுப் பொந்துக்குள் இறங்கி, வாசலுக்குச் சேறு பூசிக்கொண்டிருந்தாள். சுவர் பாதி வளர்ந்திருந்தது. அவள் தலை மட்டும் வெளியே தெரிந்தது. கொம்பையா பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, இல்லாத பூச்சியை இறகில் தேடினான்.

"என்னங்க, என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா மூஞ்சி இப்படித் தொங்குது?"

சொன்னான். சொல்லி முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொர்ணம் ஒரு கவளம் சேற்றை எடுத்து வைத்து, அலகால் தட்டித் தட்டிச் சமன் செய்தாள். அடுத்த கவளம் எடுக்கும்போதுதான் பேசினாள்.

"பிரிஞ்சுட்டா பழம் மிஞ்சுமா?"

"மிஞ்சும்கிறார்."

"அப்போ பிரிஞ்சுடுவோம்."

"சொர்ணம்!"

"போன வருஷம் நாம சேர்ந்துதானே இருந்தோம்? எதைக் காப்பாத்துனோம்?"

முதல்முறையாக அவள் அதைப் பற்றிப் பேசினாள். அவள் சுவரை முடித்தாள். கடைசியில் கீறல் மட்டும் மிஞ்சியது. அதன் வழியாக அலகை நீட்டி அவன் அலகை ஒரு தடவை தொட்டாள். "போய் எழுதிக் கொடுத்துட்டு வாங்க. முட்டை எந்த நேரமும் வரும்."

பிரிவுக்கு மனு கொடுத்தான். உண்மையிலேயே பிரிந்திருக்கிறார்களா என்று பார்க்க அலுங்கே நேரில் வந்து, மரத்தில் மூச்சிரைக்க ஏறியது. சுவரைத் தட்டிப் பார்த்தது.

"இது என்ன?"

"சுவருங்க ஐயா."

"ரெண்டு பேருக்கும் நடுவுலயா?"

"ஆமாங்க."

அலுங்குக்குப் பரம திருப்தி. அதன் உத்தியோகத்தில் எத்தனையோ பிரிவுகளை விசாரித்திருக்கிறது. இவ்வளவு கெட்டியான ஆதாரத்தை எவரும் காட்டியதில்லை. "எதால கட்டினது?"

"சேறும் கழிவும்."

"கழிவா? அந்தக் கழிவுக்கு யாருகிட்ட அனுமதி வாங்கினீங்க?"

"ஐயா, அது... பறவைக் கழிவுங்க."

அலுங்கு முகர்ந்து பார்த்துவிட்டு, அந்த விசாரணையை அத்தோடு முடித்துக்கொண்டது. கீறலில் கண்ணை வைத்துக் கேட்டது. "உள்ளே யாரும்மா?"

"சொர்ணம்."

"வெளியே நிக்கிறது யாரு?"

உள்ளே அலகு ஒருமுறை சுவரில் உரசியது. பிறகு, "யாரோ," என்றாள்.

சொல்லிக் கொடுத்தபடிதான் சொன்னாள். கொம்பையாவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பதில்தான் அது. ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் அவனுக்குக் கிளையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்தத் தடுமாற்றத்தில், வழக்கமாக இந்த நேரத்துக்குச் செய்கிற காரியத்தைச் செய்துவிட்டான். தொண்டையிலிருந்து ஓர் அத்திப்பழத்தை எடுத்துக் கீறல் வழியாக உள்ளே நீட்டினான். சொர்ணமும் வழக்கம்போல வாங்கிக்கொண்டாள்.

அலுங்கு திரும்பிப் பார்த்தது. "யாரோவுக்கு எதுக்குப் பழம்?"

"பாவம், அடைஞ்சு கிடக்குதேன்னு..."

"இரக்கத்தை நான் தடுக்கலை. ஆனா சம்சாரத்துக்கு ஊட்டினா அது குடும்பச் செலவு. யாரோவுக்கு ஊட்டினா அது கொடை. கொடை வாங்குறவங்களுக்கு அது வருமானம். வருமானத்துல நாலில் ஒண்ணு ராஜபங்கு." கீறலைப் பார்த்து, "அம்மா, நாலு பழம் உள்ளே வந்தா ஒரு பழம் வெளியே வரணும்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டது.

அன்றிலிருந்து நடந்தது இதுதான். கொம்பையா பழம் பொறுக்கி வருவான். அதில் ராஜபங்கைக் கொடுப்பான். கழிவு வந்ததால் அந்தப் பங்கு கொஞ்சம் குறைந்தது உண்மை. மிச்சத்தைக் கொண்டுவந்து ஊட்டுவான். சொர்ணம் அதிலும் நாலில் ஒன்றைக் கீறல் வழியாக வெளியே தள்ளுவாள். கீழே ஒரு கீரி அதைச் சேகரிக்க நியமிக்கப்பட்டிருந்தது. இந்தக் கையில் ஒரு பழத்தை விட்டுக்கொடுத்த அரசாங்கம் அந்தக் கையில் மூன்று பழத்தை வாங்கிக்கொண்டது. கீரிக்கு வேலை கிடைத்தது. அறிக்கையில் அதை வேலைவாய்ப்பு என்று எழுதினார்கள்.

குஞ்சு பொரித்தது. கீச்சென்று அது முதல்முறை கத்தியபோது கொம்பையா மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பறந்தான். இரண்டு நாளில் அந்தக் குரல் வேறு மாதிரி ஆயிற்று. பசிக்குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்குப் போன வருஷமே தெரியும்.

மறுபடி மணவாளனிடம் ஓடினான். மறுபடி ஒரு தொண்டைப் பழம்.

"கொடை ஆயிடுச்சா? சரி, மறுபடி கல்யாணம் பண்ணிக்குங்க," என்றார் மணவாளன். "குடும்பச் செலவுல கொண்டுவந்துடலாம்."

"முதல்லயே கல்யாணம் ஆகித்தானே சார் இருந்துச்சு?"

"அது அப்போ. மறுமணத்துக்கு மணமகள் நேர்ல வந்து அரண்மனை ஆலமரத்தை மூணு தடவை சுத்தணும். அவ்வளவுதான்."

கொம்பையா கீறலுக்கு இந்தப் பக்கம் நின்று அதைச் சொன்னான். உள்ளேயிருந்து சொர்ணத்தின் குரல் மெலிந்து வந்தது. தன் பங்கையும் குஞ்சுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்பது குரலிலேயே தெரிந்தது.

"சரி. சுவரை உடைச்சுட்டு வந்துடறேன்."

"உனக்கு இறகே இல்லையே. எப்படி வருவே?"

"விழுந்து எழுந்து நடந்து வர்றேன்."

"குஞ்சு?"

மரத்தடியில் ஓர் உடும்பு இரண்டு நாளாக வந்து, நாக்கை நீட்டி நீட்டி மேலே பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. சுவர் உடைகிற நாளுக்காக அது காத்திருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும்.

"நீ ஒண்ணையும் தொடாதே," என்றான் கொம்பையா. "நான் ராஜாவையே பார்த்துட்டு வர்றேன்."

"ராஜாவையா? திரும்பி வருவீங்களா?"

"வராம எங்கே போறேன்?" என்று சொல்லிவிட்டு, அவள் மேலே எதுவும் கேட்பதற்குள் பறந்துவிட்டான்.

குகைக்குப் போய்ச் சேர்ந்தபோது விடியும் நேரம். வாசலில் இரண்டு செந்நாய்கள் காவல் நின்றன. அவற்றின் முன்னால் மனுக்காரர்களின் வரிசை நின்றது. சிலர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இறந்தே போயிருந்தார். ஆனாலும் அவருடைய இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, வரிசை ஒழுக்கம் அப்படி. கொம்பையா கடைசியில் போய் நிற்க இடம் தேடினான். வரிசை குகையைச் சுற்றிப் பின்பக்கம் வரை போயிற்று. அவன் பின்பக்கம் போனான்.

அங்கே ஒரு மலை இருந்தது.

கிட்டப் போய்ப் பார்த்தால், அது பழம். ஆலம்பழம், அத்திப்பழம், நாவல், இலந்தை, அந்தக் காடு முழுக்கக் கொண்டுவந்து கொட்டிய ராஜபங்கு. அடியில் கிடந்தது அழுகிச் சேறாகி ஓடியது. நடுவில் இருந்தது புளித்து நுரைத்தது. மேலே மட்டும் நேற்றைய பழம் பளபளவென்று கிடந்தது. குளவிகள் மொய்த்தன. காவலுக்கு ஒரு நாதி இல்லை. வரிசையில் நின்றவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புலி பழம் தின்னாது என்பது கொம்பையாவுக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். ராஜபங்கு கொடுக்க வேண்டும் என்பதும் தெரியும். இந்த இரண்டு விஷயங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவனுக்கு இதுவரை தோன்றியதில்லை. இப்போது இரண்டும் ஒரே இடத்தில் குவிந்து நாறிக்கொண்டிருந்தன.

குவியலின் மறுபக்கத்தில் ஏதோ அசைந்தது. புனுகு வாசனை வந்தது. ஆடிட்டர் மணவாளன் வயிறு புடைக்க, ஓர் அத்திப்பழத்தைப் பாதி கடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அட, வாங்க வாங்க!" என்றார். கூச்சமே இல்லை. "அந்த ஓரத்துல எடுங்க, அது புதுசு."

"சார், நீங்க இங்கே..."

"நான் தினமும் வருவேன். அலுவலகத்துல எல்லாருமே வருவாங்க. இதுக்கு ஏது கணக்கு?"

கொம்பையா ஓரடி முன்னால் குதித்தான். "என் பிள்ளை அங்கே பட்டினி கிடக்குது சார். ரெண்டு தடவை வந்தேன், ரெண்டு தடவையும் தொண்டை நிறையப் பழம் வாங்கிட்டீங்க. இப்படி ஒரு இடம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மணவாளன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கடித்த பழத்தைக் கீழே வைத்தார்.

"நீங்க கழிவைப் பத்தித்தானே கேட்டீங்க?" என்றார்.

கொம்பையா குவியலின் ஓரத்துக்குத் தத்திப் போனான். முன்வாசலில் செந்நாய் யாரையோ "வரிசையில் நில்லு!" என்று உறுமும் சத்தம் கேட்டது. வாழ்நாள் முழுக்க அந்த அதட்டலுக்குக் கீழ்ப்படிந்த கால்கள் ஒருமுறை தாமாகவே வரிசையின் பக்கம் திரும்பின. பிறகு குஞ்சின் குரல் ஞாபகம் வந்தது. குனிந்து ஒரு பழத்தை எடுத்தான். கை உதறியது என்று சொல்லலாம், பறவைக்குக் கை இருந்திருந்தால். இரண்டாவது பழத்துக்கு அவ்வளவு உதறல் இல்லை. பத்தாவது பழத்துக்கு எது நல்ல பழம் என்று பொறுக்கி எடுக்க ஆரம்பித்துவிட்டான்.

தொண்டை நிறைய அடைத்துக்கொண்டு வீடு வந்தான். கீறல் வழியாக ஒவ்வொன்றாக நீட்டினான். ஊட்டினான், ஊட்டினான், தீரவே இல்லை.

"இத்தனை பழமா?" என்றாள் சொர்ணம். "ராஜா கருணை காட்டிட்டாரா?"

"ம்."

"கொஞ்சம் புளிச்ச வாடை அடிக்குது."

"அரசாங்கப் பழம் அப்படித்தான் இருக்கும். சாப்பிடு."

உள்ளே குஞ்சு விக்கல் எடுக்கத் தின்றது. சொர்ணமும் தின்றாள். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. பசித்த வயிறு விசாரணைக்கு உட்காராது.

அதற்குப் பிறகு கொம்பையாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. விடியும்போது குகையின் பின்பக்கம் போய்த் தொண்டையை நிரப்பிக்கொள்வான். முதலில் வீட்டுக்கு ஊட்டுவான். இரண்டாவது நடையில் எடுத்த பழத்தைச் சுத்தமாக ஓடையில் அலசி, வரி அலுவலகத்துக்குப் போய், ராஜபங்கு என்று அலுங்கின் முன்னால் கொட்டுவான். ராஜாவின் பழத்தையே ராஜாவுக்கு வரியாகக் கட்டி ரசீது வாங்கிக்கொள்வான். கழிவு கேட்பதை அடியோடு நிறுத்திவிட்டான். கட்டவேண்டியதற்கு மேலேயே இரண்டு பழம் கூடக் கட்டினான். அலுங்கு அவனைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தது. ஒருநாள்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்பதற்கான இடம் படிவத்தில் கழிவுப் பத்தியில்தான் இருந்தது. அதை அவன் வெறுமையாக விட்டிருந்தான்.

வெயில்காலம் முடியும்போது சுவர் உடைந்தது. சொர்ணம் புது இறகுகளோடு வெளியே வந்தாள். பின்னாலேயே குஞ்சு வந்தது, கொழு கொழுவென்று. கிளை நுனிவரை தத்திப் போய், கீழே பார்த்துப் பயந்து, தாயைப் பார்த்துத் தைரியமாகி, பறந்தேவிட்டது. உடும்பு மேலே பார்த்துவிட்டு வேறு மரத்தைத் தேடிப் போயிற்று. கொம்பையா அழுதான். ஆனந்தத்தில்தான். ஆனால் அந்த அழுகைக்குள் வேறு ஏதோவும் இருந்தது; அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் காட்டின் மிகச் சிறந்த வரிசெலுத்துநராகக் கொம்பையா தேர்ந்தெடுக்கப்பட்டான். ஆலமரத்தடியில் விழா. எல்லா மிருகங்களும் கட்டாயமாக மகிழ்ச்சியோடு கூடியிருந்தன. மணவாளன் முதல் வரிசையில் மணத்துக்கொண்டிருந்தார். அலுங்கு மேடையேறி, "ஒரு சலுகையும் கோராமல், கடமைக்கு மேலேயே செலுத்திய உத்தமர்," என்று புகழ்ந்து, கொம்பையாவின் கழுத்தில் மாலை போட்டது. இரண்டு வார்த்தை பேசச் சொன்னது.

கொம்பையா தொண்டையைச் சரிசெய்துகொண்டான். கூட்டத்தில் அவன் மனைவியும் பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்ல அவனுக்கு மனம் வரவில்லை.

"நான் கட்டினதுல என்னுடையதுன்னு ஒரு பழம்கூட இல்லைங்க," என்றான். "எல்லாம் ராஜா வீட்டுப் பழம்."

இப்படி ஓர் அடக்கத்தை அந்தக் காடு கண்டதில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

*

நீதி: கழிவுக்கும் களவுக்கும் ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், அந்த எழுத்தைச் சரியாக உச்சரிப்பவர்கள்தான் இன்னும் வரிசையில் நிற்கிறார்கள்.